தெரு மாறினால் உடம்பு மாறும்

சர்க்கரை அளவு கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் டாக்டர் சொல்வது அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். ‘தினமும் அரை மணி நேரம் நடங்க. சோத்தைக் குறைச்சுக் காயைக் கூட்டுங்க. உப்பு, எண்ணெய் கம்மி பண்ணுங்க.’ சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறார் அந்த மனிதர். அவர் வந்து நிற்கும் தெருவைப் பாருங்கள். நடைபாதை முழுக்க பைக்குகள். பாதி மூடிய வடிகால். ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிக்கும் தண்ணீர் லாரி. விடியற்காலையில் நடக்கலாம் என்றால் நாய்கள், இருட்டிய பிறகு நடக்கலாம் என்றால் விளக்கில்லை. பூங்கா ஒன்று இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள். எதிரே டீக்கடை. அங்கே கிளாஸில் முதலில் விழுவது சீனி, பிறகுதான் டிக்காஷன். ‘சீனி கம்மியா’ என்று தனியாகக் கேட்பவருக்குத்தான் கம்மியாகக் கிடைக்கும். கேட்காதவருக்கு இரண்டு கரண்டி.

நல்ல பழக்கத்துக்கு ஒருவர் தினமும் போராட வேண்டியிருக்கிறது, கெட்ட பழக்கமோ தானாக வந்து கையில் உட்காருகிறது. இப்படிப்பட்ட தெருவில் ஆளாளுக்கு அறிவுரை சொல்லி என்ன பயன் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. ஓர் ஊரே சேர்ந்து சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றிக்கொண்டால் மாரடைப்பையும் சர்க்கரை நோயையும் தள்ளிப்போட முடியுமா? ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகள் இதைச் சோதித்திருக்கின்றன. சில இடங்களில் பெரிய வெற்றி, சில இடங்களில் பெரிய ஏமாற்றம். இரண்டையும் பார்த்தால்தான் நமக்கு வழி தெரியும்.

முதல் தடயம் ஒரு பஸ்ஸில் கிடைத்தது. 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களின் இதய நோய்க் கணக்கை வெளியிட்டார். ஒரே நிறுவனம், ஒரே பஸ். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவேண்டும் என்று படியேறவில்லை. வேலை அவர்களை ஏற வைத்தது. டிரைவர்களுக்குத் தைத்த சீருடையின் இடுப்பளவே கூடுதலாக இருந்ததையும் மாரிஸ் பிறகு கவனித்து எழுதினார். உடம்பு அசைவதும் அசையாததும் பெரும்பாலும் நம் மன உறுதியைக் கேட்டு நடப்பதில்லை, நாம் இருக்கும் இடத்தைக் கேட்டு நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு பிரிட்டிஷ் மருத்துவரான ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு கணக்கு கொடுத்தது. ஒரு தெருவில் நூறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு ரத்தக் கொதிப்பு மிக அதிகம். எழுபது பேருக்கு லேசாகக் கூடுதல். அந்த ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தத் தெருவில் வரப்போகும் பக்கவாதங்களில் பெரும்பங்கு இந்த எழுபது பேரிடமிருந்துதான் வரும், ஏனென்றால் எண்ணிக்கையில் அவர்களே அதிகம். எல்லோருடைய உப்பும் கொஞ்சம் குறைந்தால் தெரு முழுக்க நோய் குறையும். அப்படிக் குறைந்ததால் தப்பித்தவர் யார் என்று மட்டும் ஒருவராலும் சுட்டிக்காட்ட முடியாது. இந்த வேலைக்கு அரசியல் ஆதரவு திரட்டுவது கடினமாக இருப்பதற்கு அதுவே காரணம். காப்பாற்றப்பட்டவர் வந்து நன்றி சொல்ல மாட்டார்.

இதையெல்லாம் ஒரு மாகாண அளவில் செய்து காட்டியது பின்லாந்தின் வட கரேலியா. கிழக்கு எல்லையில், காடும் ஏரியுமாகக் கிடக்கும் பகுதி. மக்கள்தொகை சுமார் 1,80,000. மரம் வெட்டுவதும் மாடு வளர்ப்பதும் தொழில். உடலுழைப்புக்குக் குறைவில்லாத அந்த மனிதர்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஏழு நாடுகளில் ஆன்சல் கீஸ் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், கிழக்கு பின்லாந்து ஆண்களுக்குத்தான் இதய நோய் மிக அதிகம் என்று தெரியவந்தது. வீட்டுக்கு வீடு விதவைகள். 1971 ஜனவரியில் மாகாண ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஊர் அமைப்புகளும் கையெழுத்திட்டு அரசுக்கு ஒரு மனு கொடுத்தார்கள்: எங்கள் ஆண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள். கோரிக்கை மக்களிடமிருந்து வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

1972-இல் திட்டம் தொடங்கியது. தலைமை ஏற்ற பெக்கா புஸ்கா அப்போது இருபதுகளில் இருந்த இளம் மருத்துவர். கரேலியர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்த்தால், ரொட்டியின் மேல் தடிமனாக வெண்ணெய், குடிக்கக் கொழுப்பு நீக்காத பால், கொழுப்போடு கூடிய பன்றி இறைச்சி, எல்லாவற்றிலும் உப்பு. காய்கறி அபூர்வம். அது மாட்டுத் தீவனம் என்று கேலி பேசிய விவசாயிகளும் இருந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் புகைபிடித்தார்கள். மாடு வளர்ப்பவர்களிடம் போய் வெண்ணெய் வேண்டாம் என்பது, தஞ்சாவூரில் நின்றுகொண்டு அரிசி வேண்டாம் என்பதற்குச் சமம்.

புஸ்காவின் குழு துண்டறிக்கையோடு நிற்கவில்லை. மார்த்தா என்ற பெயரில் பின்லாந்தில் நெடுங்காலமாக இயங்கிவரும் இல்லத்தரசிகளின் சங்கம் ஒன்று உண்டு. அவர்களோடு கைகோத்தார்கள். கிராமம் கிராமமாக ‘நீண்ட ஆயுள் விருந்து’ என்று கூடினார்கள். அங்கே உரை சிறிது நேரம்தான், சமையல்தான் பெரிது. அந்த ஊரின் பாரம்பரிய இறைச்சிக் குழம்பையே எடுத்து, இறைச்சியைக் குறைத்து, காய்களைக் கூட்டி, உப்பைக் குறைத்துச் சமைத்துப் பரிமாறினார்கள். பெயர் அதே பெயர். சாப்பிட்டவர்களுக்குப் பிடித்தது. வீட்டுக்குப் போய் அதே மாதிரி செய்தார்கள். புதிய உணவைக் கொண்டுவந்து திணிக்காமல், பழைய சட்டியில் இருப்பதைத் திருத்தியது எவ்வளவு விவேகமான காரியம் என்று நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

சமையலறையோடும் அவர்கள் நிற்கவில்லை. ஊர் ஊராக, மற்றவர்கள் மதிக்கும் சாதாரண மனிதர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கடைக்காரர்களிடம் பேசிக் கொழுப்புக் குறைந்த பாலை அலமாரியில் வைக்கச் செய்தார்கள். ஒரு சாசேஜ் தயாரிப்பாளர் கொழுப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் காளானைச் சேர்த்தார். பால் விற்பனை குறைந்தால் விவசாயி என்ன செய்வார் என்ற கேள்வி வந்தபோது, அந்தக் குளிரிலும் நன்றாக விளையும் பெர்ரிப் பழங்களுக்கு மாற உதவும் திட்டம் வந்தது. வடக்கிலும் விளையும் கடுகு இனத்துப் பயிரிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். எந்தக் கிராமம் கொலஸ்டிரால் அதிகம் குறைக்கிறது என்று ஊர்களுக்கிடையே போட்டிகூட வைத்தார்கள். வாங்குபவர், விற்பவர், விளைவிப்பவர் மூவரையும் சேர்த்துப் பிடித்ததுதான் அங்கே நடந்த வேலை.

ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கியது 25 ஆண்டுகள் நீண்டது. 1977-க்குப் பிறகு பாடங்கள் நாடு முழுக்கப் போயின. 35 முதல் 64 வயது வரையிலான கரேலிய ஆண்களிடையே மாரடைப்பு மரண விகிதம், 1970-ஐ ஒட்டிய நிலையோடு ஒப்பிட்டால், நான்கு பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. குறைந்ததில் பெரும்பங்கு மருத்துவமனைச் சிகிச்சையால் வந்ததல்ல. கொலஸ்டிராலும் ரத்த அழுத்தமும் புகையும் குறைந்ததால் வந்தது.

இதற்கு மறுபேச்சும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட பக்கத்து மாகாணமான குவோபியோவிலும் மரணங்கள் பிறகு வேகமாகக் குறைந்தன. அப்படியானால் திட்டத்தால் வந்த பலன் எவ்வளவு, காலத்தால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம் என்றார்கள் விமர்சகர்கள். நியாயமான கேள்விதான். செய்தி எல்லை தாண்டிப் பரவியதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். பக்கத்து ஊர்க்காரன் பார்த்துக் கற்றுக்கொண்டால் அதைத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன்.

அமெரிக்காவில் 1980-களில் ஸ்டான்ஃபர்ட், மினசோட்டா, பாட்டக்கெட் ஆகிய மூன்று பெரிய திட்டங்கள் நடந்தன. நகரம் நகரமாக வகுப்புகள், பரிசோதனைகள், டிவி, பத்திரிகை. செலவுக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. முடிவில், திட்டம் நடந்த நகரங்களுக்கும் நடக்காத நகரங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் நாடு முழுக்கவே அப்போது மக்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிகிற பாடம் இது: ஏற்கெனவே ஊரில் பேசப்படும் செய்தியை இன்னொரு முறை உரக்கச் சொல்வதால் அதிகம் நடக்காது. கடை அலமாரியும் சமையல் சட்டியும் மாறவேண்டும்.

மொரிஷியஸ் அதைத்தான் செய்தது, ஒரே ஓர் எண்ணெயை வைத்து. தமிழர் உட்பட இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் அந்தத் தீவில், ரேஷன் சமையல் எண்ணெயில் பாமாயில்தான் அதிகம் இருந்தது. 1987-இல் அரசு அதைப் பெருமளவு சோயா எண்ணெயாக மாற்றியது. ஐந்து ஆண்டுகளில் மக்களின் சராசரி கொலஸ்டிரால் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தது. பிரசாரமும் கூடவே நடந்தது, ஆனால் வாணலியில் விழுந்த எண்ணெய் மாறியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் சர்க்கரை நோய் அங்கே குறையவில்லை. எண்ணெய் ஒரு நோயின் ஒரு காரணம். உடம்பு அசையாமல் இருப்பதும் எடை கூடுவதும் வேறு கணக்கு.

உப்பில் இன்னும் உறுதியான சான்று சீனாவிலிருந்து வந்தது. 600 கிராமங்கள், ஏறக்குறைய 21,000 பேர். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்புக்குப் பதிலாக, சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக்கூடாது.) ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டை விட்டு அகலாத நமக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இனி சர்க்கரை நோய்க்கு வருவோம், நம் வீட்டு நோய் அதுதான். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் கண்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14 சதவீதத்துக்கு மேல். வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று முதலில் பெரிய அளவில் பார்த்தது சீனாவின் டாச்சிங் நகரம். 1986-இல் 577 பேரோடு தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு ஆண்டுகள் உணவு மாற்றமோ உடற்பயிற்சியோ இரண்டுமோ கற்றுக்கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கற்றுக்கொண்டவர்களுக்கு, மற்றவர்களைவிட நோய் ஏறக்குறைய நான்கு ஆண்டு தாமதமாக வந்திருந்தது. இதய நோயும் குறைவு, ஆயுளும் கொஞ்சம் கூடுதல்.

சென்னையிலும் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு இப்படி வாசலில் நிற்கும் 531 பேரிடம் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. எந்த உதவியும் பெறாதவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நம் ஊர் உடம்பில், நம் ஊர்ச் சாப்பாட்டில், நடை மாத்திரைக்கு ஈடாக நின்றது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதி ஒட்டவேண்டிய செய்தி இது.

கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்து, அக்கம்பக்கத்தாரே ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் குழுக்கள் அமைத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் சர்க்கரை நோய் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. பழமும் காய்கறியும் சாப்பிடுவது கூடியது, மது குறைந்தது. நல்ல மனம் கொண்ட குழுவும் மாதக் கூட்டமும் மட்டும் போதாது, நடக்கும் இடமும் கிடைக்கும் உணவும் கூடவே மாறவேண்டும் என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

அதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1996-97-இல் டாக்டர் வி. மோகன் குழு இரண்டு குடியிருப்புகளில் ஆய்வு செய்தது. ஒன்று திருமங்கலம் ஏசியாட் காலனி, நடுத்தர வர்க்கத்தார் வசிப்பது. இன்னொன்று தி. நகர் பாரதி நகர், வருமானம் குறைந்தவர்கள் வசிப்பது. காலனியில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். பாரதி நகரில் 6.5 சதவீதம். அன்று அது வசதியானவர்களின் நோய். கணக்கைப் பார்த்து ஏசியாட் காலனிவாசிகள் கலங்கிப்போனார்கள். நடக்கவேண்டும் என்று சொன்னீர்களே, எங்கே நடப்பது என்று கேட்டார்கள். பிறகு அவர்களே பணம் திரட்டி, காலனிக்குள் நடைபாதையோடு ஒரு பூங்கா அமைத்தார்கள். முன்பு வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14 சதவீதம். பூங்கா வந்த சில ஆண்டுகளில் அது 59 சதவீதத்தை நெருங்கியது. நான்கு மடங்கு.

பத்தாண்டு கழித்து ஆய்வாளர்கள் இரண்டு இடங்களுக்கும் திரும்பப் போனார்கள். ஏசியாட் காலனியில் நோய் 12.4-லிருந்து 15.4 சதவீதமாகத்தான் கூடியிருந்தது. பாரதி நகரில் 6.5-லிருந்து 15.3. இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்த வித்தியாசத்துக்குப் பூங்கா மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வருமானமும் உணவும் வேலையும் அந்தப் பத்தாண்டில் இரண்டு இடங்களிலும் வேறு வேறாக மாறின. ஆனால் பூங்கா கட்டப் பணம் திரட்ட முடிந்த இடத்தில் நோய் மெதுவாக நடந்தது, முடியாத இடத்தில் ஓடியது. இந்த வரியை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. வசதியானவர்கள் தங்கள் தெருவைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஊராட்சியும் மாநகராட்சியும் திருத்திக் கொடுக்கவில்லை என்றால் யார் கொடுப்பது?

தமிழ்நாட்டில் கையில் இருப்பது குறைவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மருந்து கொடுக்க வரும் பெண் தன்னார்வலர்கள், கரேலியாவில் பயிற்சி பெற்ற ஊர் மனிதர்களைப் போல ஆகலாம். சமையல் சட்டியைப் பற்றியும் பேச அவர்களுக்கு நேரமும் பயிற்சியும் கொடுக்கவேண்டும். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று போதாது, வார்டுக்கு ஒன்று வேண்டும். பள்ளிகளின் காலை உணவுத் திட்டத்தில் காய்கறி சாம்பார் இருக்கிறது. சிறு வயதிலேயே காய்க்குப் பழகும் நாக்கு பிற்பாடு தரும் பலன் பெரிது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுத்தார்கள். கேழ்வரகும் மாவுச்சத்துதான், களி என்று அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையைக் கூட்டும். ஆனாலும் தட்டில் ஒரே தானியம் என்ற நிலை மாறுவது நல்லது. அதைவிட அவசரம் பருப்பும் காயும் மலிவாகக் கிடைப்பது. ஒரு குண்டான் சோற்றுக்கு ஒரு கரண்டி பொரியல் என்ற அளவு மாறாதவரை தானியத்தை மாற்றி அதிகம் ஆகப்போவதில்லை.

பெண்களைப் பற்றி ஒன்று. 2024-இல் வெளியான உலக அளவிலான கணக்கின்படி, இந்தியாவில் போதிய உடல் அசைவு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். சோம்பல் என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. விடிகாலை ஐந்தரை மணிக்கு எங்கள் பகுதிப் பூங்காவில் சுற்றும்போது ஆண்களே நிறைய தெரிகிறார்கள். அந்த நேரத்தில் பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள், தண்ணீர் பிடிக்கிறார்கள், டிபன் கட்டுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற ஓய்வு காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை. அப்போது பூங்கா பூட்டியிருக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் கிடைத்தால் விளக்கு இருக்காது. ஒரு பூட்டும் ஒரு விளக்கும்தான் தடை என்றால் அதை நீக்க எந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, சாலை, தண்ணீர், தெருவிளக்கோடு இன்னும் மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். பள்ளி மைதானத்தைக் காலையும் மாலையும் ஊருக்குத் திறந்துவிடவேண்டும். பெண்கள் நடக்கும் நேரத்தில் அங்கே விளக்கு எரியவேண்டும். சத்துணவுக் கூடத்துக்கு வாரம் மூன்று நாளாவது கீரை வரவேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் இதையே வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். கரேலியர்கள் கேட்டார்கள், அதனால்தான் கிடைத்தது.